நாணயக் கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மதுரையில் பெரிய நாணயக் கண்காட்சி நடக்கப்போவதாகச் சுவரொட்டி ஒட்டியதும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். மேலூரிலிருந்து ஓர் ஆசிரியர், உசிலம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், மாமியார் இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்த ஒரு குடும்பத் தலைவி. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காசு சேர்த்துவரும் பழக்கத்தில் நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சென்னைக்கோ கோவைக்கோ பெங்களூருவுக்கோ ரயில் ஏறிப் போகிறவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கண்காட்சியில் என்னதான் இருக்கும்? எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ளா?

பாதிதான் அப்படி. பெரும்பாலும் ஒரு திருமண மண்டபத்திலோ பெரிய அரங்கிலோ இரண்டு மூன்று நாட்கள் நடக்கும். ஒரு பகுதியில் சேகரிப்பாளர்கள் தாங்கள் பல ஆண்டுகள் சேர்த்ததைச் சட்டங்களில் அடுக்கிக் குறிப்பெழுதிப் பார்வைக்கு வைத்திருப்பார்கள். அவை விற்பனைக்கு அல்ல. இன்னொரு பகுதி வணிகர்களின் மேசைகள். தட்டுகளிலும் ஆல்பங்களிலும், சில மேசைகளில் குவியலாகவும் காசுகள் கிடக்கும். ரூபாய் நோட்டு, தபால்தலை, பழைய பத்திரம், பித்தளைச் சாமான் விற்பவர்களும் வருவார்கள். சில இடங்களில் ஏலமும் உண்டு.

முதல்முறை போகிறவர்கள் நேராக வணிகர் பக்கம் நடந்துவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரத்தைப் பார்வைக்கு வைத்த பகுதியில் செலவிடுங்கள். அங்கே நிற்பவரிடம், “ஐயா, இதை எப்படி வரிசைப்படுத்தினீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பத்து ஆண்டு அனுபவத்தைப் பத்து நிமிடத்தில் மனமுவந்து கொட்டுவார். அதற்காகத்தான் அவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. போகலாமா?

தாராளமாக. ஆனால் முதல் கண்காட்சியில் வாங்குவதற்கு ஒரு பங்கு பணமும் பார்ப்பதற்கு மூன்று பங்கு நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் கண்காட்சியில் ஏறக்குறைய நாற்பது காசுகள் வாங்கினேன். அவற்றில் ஒன்றுகூட இன்று என் சேமிப்பில் இல்லை. எதையும் படிக்கத் தெரியாமல், பழையது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியவை அவை.

போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒரே ஒரு வகையைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். காசுகளின் கடலில் எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் அறிந்துவிட முடியாது. ஒரு வகையைப் படிக்க ஒரு வாரம் போதும்.

சிறுவர்களுக்கும் புதியவர்களுக்கும் நான் முதலில் சொல்வது குடியரசுக் காலக் காசுகளைத்தான். 1957 ஏப்ரல் 1 அன்று தசம முறை வந்தது. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. புதிய பைசாவைப் பழையதிலிருந்து பிரித்துச் சொல்ல ‘நயா பைசா’ என்றார்கள். 1964இல் ‘நயா’ போய்ப் பைசா மட்டும் நின்றது. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30இலிருந்து செல்லாமல் போயின. நம் பெற்றோர் கையில் புழங்கிய காசுகள் என்பதால் வீட்டிலேயே பாதி பாடம் கிடைத்துவிடும்.

அவற்றில் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். காசு எந்த நாணய ஆலையில் அச்சானது என்பதை அது சொல்லும். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஐதராபாத் ஆலை சில காலம் வேறு குறிகளையும் இட்டிருக்கிறது. வெளிநாட்டு ஆலைகளில் அச்சான காசுகளுக்குத் தனிக்குறிகள் உண்டு. அதெல்லாம் இரண்டாம் பாடம். ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, நான்கு ஆலை என்று தேடத் தொடங்கினால் குறைந்த செலவில் கண் கூர்மையாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பற்றோடு தொடங்க விரும்புகிறவர்களுக்கு நினைவுக் காசுகள் நல்ல வாசல். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர் காசு, 2009இல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாய், 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்கு வந்த 5 ரூபாய். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் நூற்றாண்டையொட்டிக் காசு வந்தது. ஆனால் 100 ரூபாய், 1000 ரூபாய் போன்ற நினைவுக் காசுகள் கடைத்தெருவில் புழங்குவதற்காக வந்தவை அல்ல. அரசு நாணய ஆலை சேகரிப்பாளர்களுக்கென்று தனியே விற்பவை. இது தெரியாமல், புழக்கத்திலிருந்து மறைந்துபோன அரிய காசு என்று நினைத்து அதிக விலை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் பெட்டியில் பழைய காசுகள் இருக்கின்றன. துலக்கி எடுத்து வரலாமா?

எடுத்து வாருங்கள். துலக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

என் தாத்தா வைத்திருந்த 1862ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாயைப் பதினைந்து வயதில் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பல ஆண்டுகள் கழித்து அதை ஒரு மூத்த வணிகரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தவர், “கழுவிவிட்டீர்களே தம்பி” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். 1862 என்று பொறித்த ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டோடு அச்சாயின. உண்மையில் எந்த ஆண்டில் அச்சானது என்பதைப் பின்பக்கத்தில் உள்ள நுண்ணிய புள்ளிகளைக் கொண்டு ஆராய்கிறார்கள். அந்தப் புள்ளிகளைத்தான் நான் தேய்த்திருந்தேன். வெள்ளியின் மேல் படிந்திருந்த கருமை நூறாண்டு வயதுக்கான சான்று. அதைத் திரும்ப வரவைக்க முடியாது.

புளி, விபூதி, எலுமிச்சை, பல்பொடி, பாத்திரம் துலக்கும் தூள் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு காசையும் தனித்தனியாகச் சிறு காகித உறையில் போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, எத்தனை காசு என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். மொத்தமும் கொண்டுவரத் தேவையில்லை. வகைக்கு ஒன்று போதும். மற்றவற்றின் படத்தைக் காட்டலாம்.

பெட்டியில் பெரும்பாலும் இருப்பவை நான்கைந்து வகைதான். ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை வந்தது; ஏராளமாகக் கிடைக்கிறது, விலை குறைவு, ஆனால் அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்ட தலைமுறையின் நினைவு அதில் இருக்கிறது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், வெள்ளி ஏறக்குறைய 92 விழுக்காடு. 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். இது தெரியாமல் நகைக்கடையில் எடைக்குப் போட்டவர்களும் உண்டு, எடைக்கு மேல் எதிர்பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு. 1911ஆம் ஆண்டு ரூபாய் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அதில் மன்னரின் மேலங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். சேகரிப்பாளர்கள் அதைப் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்வார்கள்.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, ஒரு சின்னக் காந்தம், குறிப்பேடு, பேனா. தேடும் காசுகளின் பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைபேசியைத் துழாவிக்கொண்டு நிற்பது சிரமம். பணத்தைச் சிறு நோட்டுகளாக வைத்திருங்கள். யுபிஐ பெரும்பாலும் உண்டு, ஆனால் மண்டபத்துக்குள் நெரிசல் மிகுந்த நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் போகும். பையை முன்பக்கமாக மாட்டுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பையின் வெளிப்பக்கம் வையுங்கள், மேசைமேல் ஒருபோதும் வைக்காதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம் போவது நல்லது?

குறிப்பிட்ட காசைத் தேடுகிறவர் முதல் நாள் காலையில் போக வேண்டும். கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு இரண்டாம் நாள் முற்பகல் நல்லது. வணிகர்களுக்குப் பேச நேரம் இருக்கும். கடைசி நாள் மாலையில் மூட்டை கட்டும் நேரத்தில் விலை கொஞ்சம் இறங்கும், ஆனால் நல்லவை போயிருக்கும்.

தேனி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவீர்கள். மேலூர்ப் பக்கத்தார் மாட்டுத்தாவணியில். மண்டபம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த காசு வாங்கியிருந்தால் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். டீக்கடையில் வைத்துத் திறந்து பார்க்க வேண்டாம்.

வணிகரின் மேசை முன்னால் எப்படி நடந்துகொள்வது?

“அண்ணே, இதை எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். காசின் முகத்தில் விரல் பட்டால் வியர்வையின் உப்பு ரேகையாகப் பதிந்துவிடும். தட்டின் மேலேயே, தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கை நழுவினாலும் தரையில் விழாது. ஒரு தட்டைப் பார்த்து முடித்துத் திருப்பி வைத்தபின் அடுத்ததைக் கேளுங்கள். படம் எடுக்கவும் அனுமதி கேளுங்கள்.

ஒருவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து, “நான் கூடத் தருகிறேன்” என்று சொல்வது இந்த வட்டத்தில் பெரிய தவறு. அவர் கீழே வைக்கும்வரை காத்திருங்கள்.

பேரம் பேசலாமா?

பேசலாம். “கடைசி விலை என்ன அண்ணே?” என்று ஒருமுறை கேட்பது வழக்கம்தான். மூன்று நான்கு காசுகளைச் சேர்த்து எடுத்தால் குறைப்பார்கள். விலைக்காகக் காசைக் குறைசொல்லாதீர்கள். அவருக்கு அந்தக் காசைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

நீங்கள் விற்க வந்திருந்தால், அவர் விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் கேட்பார். அதை வைத்திருந்து, ஊர் ஊராகத் தூக்கிச் சென்று, ஆள் கிடைக்கும்போது விற்க வேண்டியவர் அவர். மூன்று மேசைகளில் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். முதல் நாளே விற்க வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல்முறை போகிறவருக்கு இதற்கு முழுத் தீர்வு கிடையாது. விலை கூடிய எதையும் முதல் கண்காட்சியில் வாங்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. இருந்தாலும் சிலவற்றைக் கண்ணே சொல்லும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும்; தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம், ஒரு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளியும் செம்பும் பொன்னும் காந்தத்தில் ஒட்டாது. 1945 வரையிலான வெள்ளி ரூபாய் ஒட்டினால் அது போலி. 1947 ரூபாய் ஒட்டினால் பதற வேண்டாம், நிக்கல் ஒட்டத்தான் செய்யும். அடுத்து லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அச்சு அடித்த காசில் ஓரம் கூராக இருக்கும். உருக்கி வார்த்த போலியில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடும் இருக்கலாம். ஒரே மேசையில் இரண்டு காசுகளிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் வைத்துவிடுங்கள். 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த ஆண்டில் போலியும் மிகுதி.

நம் ஊரில் வீடுவீடாகப் புகுந்திருக்கும் இன்னொன்று இருக்கிறது. 1616, 1717, 1818 என்ற ஆண்டோடு, ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்து, மறுபக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் செப்புக் காசுகள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பூசையறையில் வைத்துக் கும்பிடுவது உங்கள் நம்பிக்கை. அதற்கு நாணய மதிப்பு கிடையாது. அந்தக் காசு அரிசியை இழுக்கும், கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். இதில் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்து இழந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன.

வைஷ்ணவதேவி 5 ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்களாமே?

தரமாட்டார்கள். 2012இல் ஏராளமாக அச்சிட்டுப் புழக்கத்துக்கு வந்த காசு அது. 786 எண் நோட்டு, டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு பற்றிய கதைகளும் இதே வகை. பழைய காசை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணமோ கமிஷனோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்றும், இத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை வைத்திருக்கலாமா?

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாம் சேர்த்துப் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் ஆகியவற்றுக்காக என்றால் 25 வரை. அதற்கு மேல் கட்டுக்கட்டாக யாராவது காட்டினால் விலகி வந்துவிடுங்கள்.

பாண்டியர் காசு வாங்க ஆசை. வாங்கலாமா?

இந்தக் கேள்வியை மதுரைக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? எனக்கும் அதுவே முதல் காதல்.

சங்ககாலப் பாண்டியர் காசு பெரும்பாலும் செம்பில், சதுரமாக இருக்கும். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோடுகளால் ஆன மீன் சின்னம். தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்த காசை அடையாளம் கண்டு வெளியிட்டவர், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்கப் பாடலில் படித்த வழுதி என்ற பெயர் கையில் ஏந்தும் செம்பில் இருந்தது. இடைக்காலப் பாண்டியர் காசுகளில் ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்று தமிழெழுத்திலேயே பட்டப்பெயர்கள் வருகின்றன. அந்த எழுத்து வடிவங்களைப் பத்து நாள் பழகினால் நீங்களே படித்துவிடலாம். ஒரு காசை முதன்முறை நானே எழுத்துக்கூட்டிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குப் பின் வந்த மதுரைச் சுல்தான்களின் காசும் நாயக்கர் காசும் இதே மண்ணில்தான் கிடைக்கின்றன. உரோமச் செப்புக் காசுகளும் வைகை மணலில் கிடைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருமங்கலத்தில் இருந்த ட்ரேசி என்ற பாதிரியார் பாண்டியர் காசுகளைச் சேர்த்துக் கட்டுரை எழுதினார்.

வாங்கும் முன் சட்டம் தெரிய வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். வாங்குபவர் பில் கேட்டு வாங்க வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் பரிசாக அனுப்ப விக்டோரியா ரூபாய் வாங்குகிறேன் என்று ஒரு தங்கை சொன்னபோது தடுத்திருக்கிறேன். அனுப்புவதானால் சுதந்திரத்துக்குப் பின் வந்த காசு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பில்லோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “இது எந்த ஊரில் கிடைத்தது?” பெரும்பாலும் பதில் வராது. கேட்பவர் பெருகினால்தான் பதில் வைத்திருக்கும் பழக்கம் வரும். கீழடியில் 2021இல் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. அதன் எடை 2.20 கிராம்; ஒரு பக்கம் சூரியன், சந்திரன் உள்ளிட்ட சின்னங்கள். அதைப்போன்ற காசைச் சந்தையில் நீங்களும் வாங்கலாம். ஆனால் கீழடிக் காசு எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையோடுகளுக்கு நடுவே கிடந்தது என்று பதிவு இருக்கிறது. அதனால்தான் அந்த ஒரு காசு மதுரைக்கு அருகே நடந்த வாணிகத்தைப் பற்றிப் பேச முடிகிறது. கண்காட்சிக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

வாங்கி வந்ததை எப்படி வைத்துக்கொள்வது?

வழவழப்பான மலிவு பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள பிவிசி என்ற பொருள் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் என்ற பிவிசி இல்லாத தெளிந்த தாளால் உறை போட்ட அட்டைச் சட்டம் கண்காட்சியிலேயே கிடைக்கும். அன்று இரவே ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: என்ன காசு, எடை, யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு, எங்கே கிடைத்ததாகச் சொன்னார். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் மறந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் குழி தோண்டும்போது காசுகள் கிடைத்தன. கண்காட்சியில் காட்டி விற்கலாமா?

வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைப்பது குற்றம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தாசில்தார் வழியாகப் போகும். கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் உரிமையாளருக்கும் உள்ள உரிமையைப் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. எனவே தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம்.

அதிகாரிகள் வரும்வரை மேலும் தோண்டாதீர்கள், குழியை மூடவும் வேண்டாம். காசுகள் இருந்த கலயம் உடைந்திருந்தால் ஓடுகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள். காசின் காலத்தைச் சொல்ல அந்த ஓடும் உதவும். எத்தனை முழ ஆழம், கிணற்றிலிருந்து எத்தனை அடி தூரம் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தேதி போடுங்கள். வீட்டில் யாரும் புளி எடுத்துக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.